பாகியன்கல முதல் அனுராதபுரம் வரை: ஆதி மனிதர் பற்றிய கேள்வி பதில்

இன்று காலை தொடக்கம் மதியம் வரை பதில் எழுதுகிறேன். கல்லாயுதம், குகை மண்படைகள், காலக்கணிப்பு, பழைய உணவு ஆகியவை என் பக்கம். அரச வம்சம், மொழியின் வயது போன்றவற்றுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். தொடங்க முன் ஒரு வேண்டுகோள்: குகையிலோ குழியிலோ கண்ணில் பட்ட கல்லை எடுக்காதீர்கள். எடுத்துவிட்டிருந்தால் கழுவாதீர்கள். ஏன் என்பது கீழே வரும்.

மட்டக்குளி, உயர்தர மாணவி: சேர், பலாங்கொடை மனிதன் வேறொரு மனித இனமா? என் குறிப்பில் ஹோமோ சேபியன்ஸ் பலாங்கொடென்சிஸ் என்று இருக்கிறது.

வேறு இனமில்லை பிள்ளை. பலாங்கொடை மனிதன் என்பது இலங்கையின் கற்கால வேட்டையாடி மக்களுக்கு வைத்த பெயர். நீங்களும் நானும் எந்த இனமோ அதே ஹோமோ சேபியன்ஸ்தான். பி.இ.பி. தெரணியகல 1950களில் அதை ஒரு துணை இனமாகக் கருதி அந்தப் பெயரை வைத்தார். இன்று அந்தப் பிரிவை ஆய்வாளர்கள் கையாள்வதில்லை, பெயர் மட்டும் வழக்கில் நிற்கிறது. தடித்த மண்டையோடு, துருத்திய புருவ எலும்பு, பெரிய பற்கள், பலமான தாடை: இவை அந்த மக்களின் உடல் அடையாளம். ஆண்களின் உயரம் சராசரி 174 சென்ரிமீற்றர், பெண்களுடையது 166 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். குள்ளமான காட்டு மனிதன் என்று பாடப்படங்களில் வரைவது பிழை. விடையில் "பலாங்கொடை மனிதன், நவீன மனித இனத்தைச் சேர்ந்தவர்" என்று எழுதி, பட்டதொம்பலென, பாகியன்கல, கித்துல்கல பெலிலென, பெல்லன்பெந்திபலஸ்ஸ ஆகிய, எலும்புகள் கிடைத்த இடங்களைக் குறிப்பிடுங்கள்.

வெள்ளவத்தை வாசகர்: ஆதி மனிதன் குமரிக்கண்டத்தில்தான் தோன்றினான், அங்கிருந்துதான் ஈழத்துக்கும் வந்தான் என்பதை ஏன் ஆய்வாளர்கள் மறைக்கிறார்கள்?

யாரும் மறைக்கவில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தது. பாக்கு நீரிணையின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழம்கூட இல்லை. ஆகவே இலங்கையும் தமிழகமும் அன்று ஒரே தரை. மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு நடந்தே போகலாம். கடல் ஏறி இரண்டும் பிரிந்தது சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்னர்தான். கன்னியாகுமரிக்குத் தெற்கேயும் கரையோரத் தரை மூழ்கியது உண்மை. ஆனால் அந்த ஆழமற்ற கரையோர மேடை முடிந்ததும் கடலடி ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. 120 மீற்றர் நீர் வற்றினால் அங்கே ஒரு கண்டம் வெளிப்படாது. சிலப்பதிகாரம் கடல்கோளைச் சொல்கிறது, கண்டம் என்று சொல்லவில்லை. குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லும் லெமூரியா என்ற பெயர் 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் வைத்தது. மடகஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் இருப்பதற்கு விளக்கம் தேடி அவர் ஊகித்த நிலம் அது. கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அதற்குத் தேவை இல்லாமல் போயிற்று. நம் இனத்தின் இதுவரை கிடைத்த மிகப் பழைய எலும்புகள் மொரோக்கோவின் ஜெபல் இர்ஹூதில், சுமார் 300,000 ஆண்டுப் பழமையோடு இருக்கின்றன.

வத்தளை வாசகர்: வீட்டு அத்திவாரம் வெட்டும்போது கூரான வெள்ளைக் கல் ஒன்று கிடைத்தது. ஆதி மனிதனின் கத்தியா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இது நல்ல கேள்வி, ஆறுதலாகச் சொல்கிறேன்.

கையால் அடித்து எடுத்த செதிலில் நாலு அடையாளம் தேடுவோம். முதலாவது, அடி விழுந்த சிறிய தட்டையான முகம். இரண்டாவது, அதற்குக் கீழே உட்புறத்தில் மெல்லப் புடைத்த குமிழ். மூன்றாவது, குளத்தில் கல் போட்டால் விரிவதுபோல் அந்தப் புள்ளியிலிருந்து விரியும் அலைக்கோடுகள். நான்காவது, வெளிமுகத்தில் அதற்கு முன் பெயர்ந்த செதில்களின் தழும்புகள், அதுவும் ஒரே திசையில்.

இலங்கையில் வரும் சிக்கல் என்னவென்றால், இங்கே பெரும்பாலான நுண்கற்கருவிகள் குவார்ட்ஸ் படிகக்கல்லில் செய்யப்பட்டவை. குவார்ட்ஸ் உள்ளே வெடிப்புகளோடு இருக்கும், அடித்தால் குமிழும் அலையும் வடிவாகத் தெரியாது. அதனால் விளிம்பைத்தான் பார்க்கிறோம். ஒரு பக்கம் இயல்பான கூர், எதிர்ப்பக்கம் 1 முதல் 2 மில்லிமீற்றர் அளவில் வரிசையாகச் சின்னச் சின்னதாய்க் கொத்தி மழுக்கிய முதுகு என்று இருந்தால், அதைத் தற்செயல் செய்யாது. பிறை, முக்கோணம், சரிவகம் ஆகியவைதான் நம் குகைகளில் வரும் வடிவங்கள். பெரும்பாலும் 4 சென்ரிமீற்றருக்குக் குறைவு.

இயற்கை செய்யும் ஏமாற்று: ஆற்றில் உருண்ட கல்லில் விளிம்பு எல்லாத் திசையிலும் ஒழுங்கில்லாமல் உடைந்திருக்கும், மூலைகள் உருண்டிருக்கும். மனிதன் செய்யும் ஏமாற்று: கல் உடைக்கும் இயந்திரத்தில் வந்த மெற்றல். அதில் குமிழ், தழும்பு எல்லாம் உண்டு. உங்கள் வீட்டில் அத்திவாரம் வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே மெற்றல் கொட்டியிருப்பார்கள், முதலில் அந்தக் குவியலோடு ஒப்பிடுங்கள். வத்தளை ஆற்று வண்டல் நிலம். நிரப்பு மண் எங்கிருந்து லொறியில் வந்ததென்றே தெரியாத நிலையில், அந்தக் கல் கருவியாகவே இருந்தாலும் அது எந்த ஊருக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது.

எடுக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். கல்லுக்கு வயதைக் கொடுப்பது அதைச் சுற்றிக் கிடந்த மண்படை. படையிலிருந்து பிரிந்த கல், தபால்முத்திரை இல்லாத கடிதம்.

மருதானை, தகப்பன்: என் மகனுக்கு ஏழு வயது. ஆதி மனிதன் டைனோசரை வேட்டையாடினானா என்று கேட்கிறான்.

இல்லை என்று சொல்லுங்கள் அண்ணா. டைனோசர் அழிந்து 66 மில்லியன் ஆண்டுகளாகின்றன. இதுவரை கிடைத்த மிகப் பழைய கல்லாயுதம் கென்யாவின் லொமெக்வியில், 3.3 மில்லியன் ஆண்டுப் பழமையானது.

தெஹிவளை ஆசிரியை: தரம் 10 பிள்ளைகளுக்கு நுண்கற்கருவி செய்து காட்டலாமா? எப்படி?

செய்து காட்டுங்கள் மிஸ். பத்துப் பக்கப் பாடத்தைவிட ஒரு செதில் மேல். ஆனால் அடிப்பது நீங்கள், பிள்ளைகள் மூன்று மீற்றர் தள்ளி நிற்க வேண்டும்.

தேவையானவை: கோழிமுட்டை அளவு குவார்ட்ஸ் கூழாங்கற்கள் பத்துப் பன்னிரண்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் 500 கிராம் அளவு கருங்கல் அல்லது உருண்டை ஆற்றுக்கல் ஒன்று, மேலே தட்டையான பாரமான அடிக்கல் ஒன்று, தார்ப்பாய் ஒன்று. கண்ணாடி, தடித்த தோல் கையுறை, முகக்கவசம் மூன்றும் கட்டாயம். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் தங்கினால் போகாது. ஆகவே வகுப்பறைக்குள் வேண்டாம், காற்றோட்டமான முற்றத்தில் செய்யுங்கள்.

கூழாங்கல்லைத் தெரிவதுதான் பாதி வேலை. பால்போல் வெளுத்து உள்ளே கோடுகள் ஓடும் கல், அடித்தவுடன் சீனிக்கட்டிபோல் நொறுங்கும். கண்ணாடித் தன்மையுள்ள, வெளிச்சம் ஊடுருவும் கல்லை எடுங்கள். இரண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் உள்ளே வெடிப்பு.

கல்லை அடிக்கல்லின் மேல் நெட்டாக நிறுத்தி, பக்கவாட்டில் இரு விரலால் பிடித்து, மேலிருந்து நேர்குத்தாக அடியுங்கள். மேலிருந்து அடியும் கீழிருந்து எதிரடியும் சேர்ந்து கல்லைத் தோடம்பழச் சுளைபோல் பிளக்கும். எல்லாரும் விடும் பிழை சரித்து அடிப்பது. அப்போது கல் வழுகும், அடி விரலில் விழும். இரண்டாவது பிழை மெல்ல மெல்லப் பத்துத் தரம் தட்டுவது. அது கல்லுக்குள் வெடிப்பை மட்டும் பரப்பும். ஒரே தீர்மானமான அடி வேண்டும்.

விழுந்தவற்றில் 2 முதல் 3 சென்ரிமீற்றர் நீளமான மெல்லிய செதில் ஒன்றை எடுத்து, ஒரு விளிம்பை மான்கொம்பு அல்லது காய்ந்த மாட்டெலும்பின் முனையால் அழுத்தி அழுத்தி மழுக்குங்கள். அதுதான் முதுகு. மரப்பிசினோடு தேன்மெழுகும் கொஞ்சம் கரித்தூளும் சேர்த்து இளஞ்சூட்டில் உருக்கி, பிளந்த குச்சியில் முதுகுப்பக்கத்தைப் பதித்து, நாரால் இறுக்கிக் கட்டினால் கத்தி தயார். பிசினைக் கூடுதலாகச் சூடாக்கினால் உடையும் தன்மை வந்துவிடும், முதல் வெட்டிலேயே செதில் கழன்று விழும்.

கடைசி வேலையை யாரும் செய்வதில்லை, நீங்கள் தயவுசெய்து செய்யுங்கள். தார்ப்பாயில் விழுந்த சில்லுகள் எல்லாவற்றையும் அள்ளி, இந்த வருடத்து நாணயம் ஒன்றோடு பொதியாக்கி அப்புறப்படுத்துங்கள். பாடசாலை முற்றத்தில் கொட்டினால் நூறு வருடத்துக்குப் பிறகு யாரோ ஒருவர் அதை ஆதி மனிதர் பட்டறை என்று நினைப்பார். குகைச் சுற்றுலாவுக்குப் போய் அங்கே வைத்து அடித்துக் காட்டுவது அறவே கூடாது.

பம்பலப்பிட்டி வாசகர்: பாகியன்கல குகைக்கு 45,000, 48,000 ஆண்டு என்று எண்கள் சொல்கிறார்கள். யாருக்கு எப்படித் தெரியும்?

கரியிலிருந்து. உயிருள்ள மரம் காற்றிலிருந்து கதிரியக்கக் கரிமம் எடுத்துக்கொண்டே இருக்கும். மரம் செத்ததும் வரவு நின்றுவிடும், உள்ளே இருப்பது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 50,000 ஆண்டு போனால் தொடக்கத்தில் இருந்ததில் கால் வீதத்துக்கும் குறைவே மிஞ்சும். அதுதான் இந்த முறையின் எல்லை.

எல்லைக்குப் பக்கத்தில் அழுக்கு எவ்வளவு கெடுதல் செய்யும் என்று கணக்குப் பார்ப்போம். 45,000 ஆண்டுப் பழைய கரியில் எஞ்சியிருப்பது சுமார் 0.43 வீதம். அதில் இன்றைய கரிமம் வெறும் 1 வீதம் கலந்தால் ஆய்வுகூடம் காட்டும் வயது சுமார் 35,000. ஒரு வேர்நுனி, ஒரு பருத்திநூல், கையின் எண்ணெய் போதும், பத்தாயிரம் ஆண்டு காணாமல் போகும். அதனால் கரியை வெறுங்கையால் தொடுவதில்லை, கடதாசியில் மடிப்பதில்லை. சுத்தமான உருக்கு இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் சுற்றி, படை எண், ஆழம், சதுர எண் எழுதிய பையில் போடுகிறோம்.

இன்னொரு கண்ணி: பெரிய மரத்தின் நடுவயிரம் எரிந்தால், மரம் வெட்டுப்பட முன்னரே பல நூறு ஆண்டு வயது அதில் ஏறியிருக்கும். நம் குகைகளுக்கு ஒரு வசதி உண்டு. கெக்குன என்று சிங்களத்தில் சொல்லும் காட்டுக் கொட்டையின் கருகிய ஓடுகள் அங்கே ஏராளம். கொட்டை ஓடு ஒரே பருவத்தில் விளைந்தது, அதன் வயதில் அந்தக் குழப்பம் வராது.

கரி இல்லாத மணற்படைக்கு வேறு முறை. மணற்றுகள் கடைசியாக வெயில் கண்ட நாளைக் கணிப்பார்கள். மாதிரியை ஒளி புகாத குழாயை மண்சுவரில் அடித்திறக்கி எடுக்க வேண்டும். ஒரு நிமிட வெயில் பட்டாலும் கணக்கு பூச்சியமாகிவிடும்.

கொட்டாஞ்சேனை வாசகர்: மழைக்காட்டில் என்னத்தைத் தின்று சீவித்தார்கள்? அங்கே மானும் மரையும் குறைவுதானே.

குரங்கும் மரஅணிலும். பாகியன்கலயின் 45,000 ஆண்டுப் பழைய படைகளிலிருந்தே எலும்புகளில் பெரும்பகுதி அவைதான், 2019இல் ஒஷான் வெடகே குழுவினர் வெளியிட்டார்கள். அதோடு நத்தை, காட்டு வாழை, காட்டு ஈரப்பலா, கெக்குன. பற்களின் எனாமலிலுள்ள கரிமத்தை அளந்து பார்த்தபோதும், குறைந்தது 20,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி அம்மக்கள் காட்டு நிழலில் விளைந்த உணவையே பெரும்பாலும் தின்றார்கள் என்று 2015இல் தெரியவந்தது. குரங்கெலும்பைத் தீட்டி அம்புமுனையும் செய்தார்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர்: அம்புமுனை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? வில் கிடைத்ததா? குரங்கு பிடிக்கக் கண்ணி போதும். மலையகத்தில் இன்றைக்கும் கண்ணிதான் வைக்கிறார்கள்.

வில் கிடைக்கவில்லை. மரமும் நாணும் இந்த ஈரத்தில் தங்காது. வாதம் முழுவதும் முனைகளின் மேல்தான் நிற்கிறது. பாகியன்கலயில் எலும்பு முனைகள் சுமார் 130 கிடைத்தன, மிகப் பழையவை 48,000 ஆண்டு. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பலவற்றின் நுனி வேகமாக மோதி உடைந்த முறிவோடு இருக்கிறது. தோல் குத்தும் ஊசியாக இருந்திருந்தால் நுனி வழவழப்பாகி, சுற்றிச் சுற்றிக் கீறல் விழுந்திருக்கும். அடிப்பகுதியில் மெல்லிய தண்டோடு கட்டிய தேய்வும் வெட்டும் இருக்கின்றன. மெல்லிய தண்டு, சின்ன முனை, பெரிய வேகம்: இந்த மூன்றையும் சேர்த்துத் தருவது வில்.

கொட்டாஞ்சேனை வாசகர்: கையால் எறியும் சின்ன ஈட்டியாக ஏன் இருக்கக் கூடாது? ஊதுகுழல்?

கையால் எறியும் ஈட்டிக்குப் பாரம் வேண்டும், இல்லாவிட்டால் 25 மீற்றர் உயரக் கொப்பிலிருக்கும் மந்தியை எட்டுமுன் அதன் வேகம் செத்துவிடும். மரக்கொப்புகளுக்கு இடையில் கையை ஓங்கி எறிய இடமும் கிடையாது. ஊதுகுழல் அம்புக்கு இந்த முனைகள் கட்டையும் பாரமுமானவை என்பது அவற்றை ஆராய்ந்தவர்கள் முடிவு. ஆபிரிக்காவில், தென்னாபிரிக்காவின் சிபுடு குகையில், 60,000 ஆண்டுக்கு மேற்பட்ட அம்புமுனைச் சான்று இருக்கிறது. அந்தக் கலையோடு ஒரு கூட்டம் இங்கே வந்ததாகக் கொள்வதில் பெரிய தாவல் இல்லை.

கொட்டாஞ்சேனை வாசகர்: அப்போ கண்ணியே இல்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை, இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதே எலும்புக் கருவிகளில் சில நாரும் தோலும் வேலைசெய்தவை. நார் முறுக்கத் தெரிந்தவனுக்கு வலையும் கண்ணியும் தூரமில்லை. செங்குரங்கு அடிக்கடி தரைக்கு இறங்கும், அதைக் கண்ணியில் பிடித்திருக்கலாம். ஆனால் முகம் கறுத்த இலைதின்னி மந்தி பெரும்பாலும் உச்சிக் கொப்பை விட்டு இறங்காது. அதன் எலும்பும் அந்தக் குப்பையில் இருக்கிறது. அதற்குக் கண்ணி விடை ஆகாது. இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். பிற்காலப் படைகளில் முனைகள் படிப்படியாக நீண்டு பாரமாகின்றன, பன்றி, மான் போன்ற பெரிய விலங்குகளுக்கு ஏற்றபடி. கண்ணிக்கு முனையின் நீளம் எதற்கு மாற வேண்டும்?

தெஹிவளை ஆசிரியை: இடையில் வருகிறேன் சேர். நாணுக்கு எந்த நார்?

மிஸ், நார் எதுவும் மிஞ்சவில்லை, ஆகவே மரத்தின் பெயர் சொல்ல மாட்டேன். வகுப்பில் காட்ட மருள் நார் எடுங்கள். இலையைக் கல்லில் தட்டி, சுரண்டி, இரு புரியாக எதிரெதிராக முறுக்கினால் நல்ல நாண் வரும். நனைந்தால் தளரும், மழைக்காட்டு வேட்டையில் அது உண்மையான தொல்லைதான்.

கொட்டாஞ்சேனை வாசகர்: முனையின் நீளம் மாறினதுக்கு எலும்பு எந்த மிருகத்தினது என்பதும் காரணமாயிருக்கலாம் அல்லவா? பெரிய மிருகம், நீள எலும்பு.

இருக்கலாம். நல்ல எதிர்வாதம். ஆனால் குரங்கின் கை, கால் எலும்பிலேயே வேண்டிய அளவுக்கு நீளமான முனை எடுக்க முடியும். முற்காலத்தார் கட்டையாக வெட்டியது அவர்கள் தெரிவு. இத்தோடு நிறுத்துவோம் அண்ணா, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

வெள்ளவத்தை, இன்னொரு வாசகர்: குமரிக்கண்டம் பற்றி...

மேலே எழுதியிருக்கிறேன். கடல் ஆழம், 120 மீற்றர் என்று இருக்கும் பதிலைப் பாருங்கள்.

கிருலப்பனை வாசகர்: வேடர்கள் பலாங்கொடை மனிதரின் நேரடிச் சந்ததியா?

மண்டையோட்டிலும் பற்களிலும் ஒற்றுமைகளைக் காட்டியிருக்கிறார்கள். கென்னத் கென்னடி அந்த எலும்புகளை நீண்டகாலம் ஆராய்ந்தவர். ஆனால் வெப்பமும் ஈரமும் உள்ள நாட்டில் பழைய எலும்பிலிருந்து மரபணு எடுப்பது மிகக் கடினம். இடைப்பட்ட ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் எல்லாரோடும் எல்லாரும் கலந்திருக்கிறார்கள். வேடரில் அந்தப் பழைய பங்கு கூடுதலாக இருக்கலாம், நம் எல்லாரிலும் கொஞ்சம் இருக்கும். "யார் முதலில் வந்தது" என்ற சண்டைக்கு இந்த எலும்புகளைச் சாட்சிக்கு இழுப்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: 40,000 ஆண்டுகளுக்கு முன் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை.

கல்கிசை வாசகர்: யாழ்ப்பாணத்தில் ஏன் இப்படிக் குகை இல்லை? வடக்கில் ஆதி மனிதர் இருக்கவில்லையா?

இருந்தார்கள். குடாநாடு சுண்ணாம்புக்கல், கருவிக்கு வேண்டிய குவார்ட்ஸ் அங்கே இல்லை. பெருநிலத்தில், இரணைமடு என்ற பெயராலேயே வழங்கும் பழைய சரளைப் படையில் கல்லாயுதங்கள் இருக்கின்றன. அதே வகைப் படை தெற்கே பூந்தல பக்கம் பத்திராஜவெலவில் சுமார் 125,000 ஆண்டு வயது காட்டியது. ஆனால் அங்கே எலும்பு இல்லை, கல் மட்டும்தான். எலும்பு மிஞ்ச வேண்டுமென்றால் மண்ணின் புளிப்பு அடங்க வேண்டும். சபரகமுவைக் குகைகளில் அடுப்புச் சாம்பலும் நத்தை ஓடும் அந்த வேலையைச் செய்தன. மக்கள் எறிந்த குப்பையே அவர்கள் எலும்பைக் காத்தது.

அந்தக் குகைகளும் இன்று முழுதாக இல்லை. பிற்காலத்தில் துறவிகள் தங்கத் தரையைச் சமப்படுத்தினார்கள். அதன்பின் வௌவால் எச்சத்தை உரத்துக்கு அள்ளப் போனவர்கள் மண்படைகளையும் சேர்த்து அள்ளினார்கள். மிச்சமிருப்பதைச் சுற்றுலாப் போகும் நாம் காலால் கிளறுகிறோம். தயவுசெய்து குனிந்து எதையும் எடுக்காதீர்கள்.

பத்தரமுல்லை வாசகர்: நாகரிகம் எப்போது தொடங்கியது? இலங்கையில்?

ஒரே நாளில் ஒரே இடத்தில் தொடங்கவில்லை. துருக்கியின் கோபெக்லி தெபேயில் கி.மு. 9500 அளவில் ஐந்து மீற்றருக்கு மேல் உயரமான கற்றூண்களைச் செதுக்கி நிறுத்தியவர்கள் வேட்டையாடிகள், வயல் வைத்திருக்கவில்லை. முதலில் விவசாயம், பிறகு ஊர், பிறகு கோயில் என்று பாடத்தில் வரும் ஒழுங்கு அங்கேயே உடைகிறது. ஈராக்கின் உருக்கில் எழுத்து கி.மு. 3300 அளவில் பிறந்தது, அதுவும் தானியமும் ஆடும் கணக்கு வைக்க.

இலங்கையில் நடந்தது வேறு. மாந்தையில் கி.மு. 1800 அளவிலும் நுண்கற்கருவியோடு சிப்பி பொறுக்கி வாழ்ந்த மக்கள் இருந்தார்கள். அதற்குள் மொகெஞ்சதாரோ கட்டப்பட்டு அழிந்தும் விட்டது. பிறகு அனுராதபுரத்தின் ஆழப் படையில், கி.மு. 900 அளவில், இரும்பு, கறுப்புச் சிவப்புப் பானை, மாடு, குதிரை, நெல் எல்லாம் சேர்ந்தாற்போல் வருகின்றன. சிரான் தெரணியகலவின் மதிப்பீட்டில் அப்போதே குடியிருப்பு 10 ஹெக்டேயர், கி.மு. 700 அளவில் 50 ஹெக்டேயர். அங்கேயே கி.மு. 4ஆம் நூற்றாண்டுப் படையில் பிராமி எழுத்துக் கீறிய பானை ஓடுகள். தமிழகத்தோடு ஒத்த தாழிகள் பொம்பரிப்பில் கிடைத்தன. ஆக, கல்லிலிருந்து நேரே இரும்புக்குத் தாவியதுபோல் தோன்றுகிறது. இடையில் ஒன்றுமே இல்லையா, அல்லது இன்னும் தோண்டவில்லையா என்பதுதான் என் துறையின் பெரிய கேள்வி. ஹோட்டன் சமவெளியில் மிகப் பழைய தானியப் பயிர்ச்செய்கை இருந்ததாக மகரந்தத்தை வைத்துச் சொல்கிறார்கள். காட்டுப்புல்லின் மகரந்தத்தையும் பயிரின் மகரந்தத்தையும் அளவை வைத்துப் பிரிப்பது அத்தனை உறுதியில்லை. கருகிய தானியமணி கையில் வரட்டும்.

வெள்ளவத்தை, மூன்றாவது வாசகர்: இராவணன் காலமும் குமரிக்கண்டமும்...

இன்று இதற்கு மூன்றாம் முறை பதில் எழுத மாட்டேன்.

புறக்கோட்டை வாசகர்: கொழும்பில் இவற்றை எங்கே பார்க்கலாம்?

கொழும்பு 7, தேசிய அருங்காட்சியகம்.

செட்டியார் தெரு, கல் வியாபாரி: தம்பி, இரத்தினபுரி மாணிக்கக் குழியிலிருந்து, இல்லம் என்கிற கூழாங்கல் மண்ணோடு, கையளவு பல் ஒன்று வந்திருக்கிறது. கரும்பழுப்பு நிறம். மேற்பரப்பில் மூன்று இலை சேர்ந்த மாதிரிக் கோடு. என்ன மிருகம்? எண்ணெய் போட்டுத் துடைக்கலாமா?

ஐயா, எண்ணெய் போடவே வேண்டாம். நீலக்கல்லுக்குச் செய்வதை இதற்குச் செய்யாதீர்கள், உள்ளே இறங்கிய எண்ணெய் பிறகு எந்த ஆய்வுக்கும் விடாது.

நீங்கள் சொல்லும் மூவிலைக் கோடு நீர்யானையின் கடைவாய்ப்பல்லுக்கு உரியது. யானைப் பல்லென்றால் சலவைப்பலகைபோல் குறுக்கே வரிவரியாக இருக்கும், எருமையென்றால் பிறைபிறையாக. இல்லம் என்று உங்கள் தொழிலில் சொல்லும் அந்தக் கூழாங்கல் படையிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் மூன்றின் எச்சங்களும் வந்திருக்கின்றன. மூன்றுமே இன்று இந்தத் தீவில் இல்லாதவை. ஆகவே உங்கள் கையிலிருப்பது சாதாரணப் பொருளல்ல.

இப்போதே செய்யுங்கள்: குழாய் நீரை வேகமாக அடிக்காதீர்கள். வெயிலிலும் மின்விசிறிக்குக் கீழும் வைக்காதீர்கள். நீரில் ஊறிய பல் கெதியாகக் காய்ந்தால் எனாமல் தகடாகக் கழன்று விழும். ஈரத் துணியில் சுற்றி, பொலித்தீன் பைக்குள் வாயை இறுக்காமல் வைத்து, நிழலில் சில வாரம் மெதுவாகக் காய விடுங்கள். வார்னிஷ், பசை எதுவும் வேண்டாம். அளவுகோலை அருகில் வைத்து நாலு பக்கமும் படம் எடுங்கள். பிறகு தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோங்கள். கல்லாயுதமும் சேர்ந்து வந்திருந்தால் தொல்பொருள் திணைக்களத்துக்கும் சொல்ல வேண்டும், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது.

செட்டியார் தெரு, கல் வியாபாரி: குழிக்காரனிடம் கேட்டேன். முப்பதடி ஆழமாம். பக்கத்தில் கூரான வெள்ளைக் கல்லும் இருந்ததாம், கழுவிக் கூடைக்குப் போய்விட்டது.

கூடையைக் கொட்ட விடாதீர்கள் ஐயா. இப்போதே கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். கழுவினது போனது, கல்லாவது இருக்கட்டும். முப்பதடி என்பது இல்லத்தின் மேல்முகமா அடியா, அதற்கு மேலே களி எத்தனை அடி, கறுப்பு மண் வந்ததா, ஆறு எந்தப் பக்கம் என்று கேட்டு, அவர் சொன்னபடியே ஒரு தாளில் எழுதி, திகதியோடு பல்லின் பைக்குள் இன்றைக்கே போடுங்கள். குழிக்குள் இன்னும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தால், மண்சுவரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நாளை மழை பெய்தால் சுவர் சரிந்துவிடும்.